உபதேசியார் உறங்கும் வழி

கண்ணை மூடியிருந்தும் உத்தரம் தெரிந்தது. கரையான் அரித்த இடமும், அதன் பக்கத்தில் ஒட்டிக்கிடந்த பல்லியும், அது வாலை அசைப்பதும் ஞானசிகாமணி உபதேசியாருக்கு மூடிய இமைக்குள் துலக்கமாகத் தெரிந்தன. முதல் தடவை இப்படி ஆனபோது வெடவெடத்துப் போனார். இப்போது பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல், விளக்கை அணைக்கும் வேளைக்காகப் பகலெல்லாம் ஏங்கிக் காத்திருக்கவும் தொடங்கிவிட்டார்.

வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. மனைவி சாலோமி போனபிறகு தூக்கம் பிடிக்காத ஒரு நாள், மல்லாந்து படுத்துச் சங்கீதத்தை ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தார். கால் மரத்தது, இடுப்பு மரத்தது, பிறகு கை. காதுக்குள் தேனடை கலைந்த மாதிரி ஓர் இரைச்சல் எழும்பி அடங்கியபோது உடம்பு உறங்கியிருந்தது, அவர் உறங்கவில்லை. விழித்த புத்தியோடு நேரே கனவுக்குள் எழுந்து நின்றார். இது கனவு என்று தெரியும். எங்கே நடப்பது, எதைத் தொடுவது என்பதெல்லாம் அவர் வசம். எச்சிலை மட்டும் விழுங்கக் கூடாது. வாயில் ஊறினாலும் தொண்டை அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். விழுங்கினால் அந்த நிமிஷமே பாயில் கண் விழித்துவிடுவார். திரும்பி வருவதற்கும் அதுதான் வழியாக இருந்தது.

கனவில் அவர் போவது பின்னறைக்கு. அங்கே கயிற்றுக்கட்டிலில் சாலோமி கிடப்பாள், போன வருஷம் வாந்திபேதியில் கிடந்த அதே கோலத்தில், கண் குழிந்து, உதடு வெடித்து. ஒரு வாய் தண்ணி தாங்க என்பாள். அவர் செம்பை எடுத்து ஊற்றுவார். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிவைத்தது போலிருக்கும். காலையில் அந்தக் கல் திரும்பவும் நெஞ்சில் இருக்கும்.

ஏனென்றால் நிஜத்தில் அவர் கொடுக்கவில்லை. பேதி கண்டவர்களுக்குத் தண்ணீர் காட்டினால் உயிரே கரைந்து போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற யாரோ ஒரு டிரெஸ்ஸர் சொன்னதை நம்பி, குடையும் கையுமாகத் தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கிச் சொன்னவர் அவர்தான். கோயில் மணியடித்துச் சபை கூட்டுகிற மனிதர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் மறுபேச்சுக் கிடையாது. பிச்சைக்கண்ணு என்ற உழவன் மட்டும், தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியாவது நாக்கில் வைக்கலாமா ஐயா என்று கேட்டான். கூடாது என்று தலையாட்டிவிட்டு வந்தார். கொல்லைக்குப் பின்னால் தாமிரபரணி சலசலத்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தெருவில் பாதிப்பேர் நாக்கு வறண்டு செத்தார்கள். தாய் போனாள், அவளைத் தொட்டுக் கிடந்த பிச்சைக்கண்ணும் போனான். சாலோமி கேட்டாள், கெஞ்சினாள், கடைசியில் கேட்கத் தெம்பில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டில் மீறுவதா என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவி.

பக்கத்துத் தெருவில் அவர் பேச்சைக் காதில் வாங்காமல் கஞ்சித்தண்ணி ஊற்றிய வீடுகளில் ஆட்கள் எழுந்து நடமாடினார்கள். அதற்கப்புறமும் ஒருத்தர் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஐயா தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று சபையாரே ஹெப்சிபாவைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அந்த அன்புதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று ஹெப்சிபா பேட்டையில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பியிருந்தாள். அங்கே இரண்டு பேர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்றாள். சோற்றைப் பிசைந்தவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

"வயித்த என்னமோ பொரட்டுதுங்க."

ஓமத்தை மென்றுவிட்டுப் படு என்றார். இராத்திரி ஜெபத்தை அவசரமாக முடித்தார். அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மனசெல்லாம் பின்னறைக் கட்டிலில் இருந்தது.

இரைச்சல் எழுந்து அடங்கியது. எழுந்து நின்றார். சுண்ணாம்பும் புளித்த வாந்தியும் கலந்த அந்த அறையின் வாடை எதிரே வந்தது. கதவைத் தள்ளினார். சாலோமி படுத்திருக்கவில்லை. கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்பினவளாக உட்கார்ந்திருந்தாள். அவர் செம்பை நீட்டினார். அவள் கையால் விலக்கினாள்.

"எனக்குப் போதுங்க. வெளிய அவுக காத்துக்கிட்டு இருக்காவ. நீங்க சொன்னீயன்னுதான குடிக்காம போனாவ, அவுகளுக்கும் ஊத்துங்க."

பின்கதவு தானாகத் திறந்திருந்தது. நிலா இல்லாத ஒரு வெளிச்சம். கொல்லையிலிருந்து ஆற்றுமணல் வரைக்கும் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. வரிசையாக, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி. எல்லோருக்கும் கழுத்து பின்னால் சாய்ந்திருந்தது. எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது.

முதலில் பிச்சைக்கண்ணின் தாய். ஊற்றினார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. வாய் மூடவில்லை. அடுத்தது பிச்சைக்கண்ணு. ஊற்றினார். மூடவில்லை. செம்பில் தண்ணீர் குறையவில்லை, ஒரு வாயும் நிறையவில்லை. ஊற்றிக்கொண்டே போனார். என் குற்றம், என் குற்றம் என்று முனகிக்கொண்டே போனார்.

அப்போது முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இஞ்ச பாருங்க. தண்ணி."

சாலோமியின் குரல் அல்ல. தூரத்துக் குரலும் அல்ல. பாயில், அவர் உடம்புக்குப் பக்கத்திலிருந்து வருகிற குரல்.

விழித்துவிட வேண்டும். எச்சிலை விழுங்கினார். எச்சில் இல்லை. நாக்கைச் சுழற்றினார். ஓடு மாதிரி கிடந்தது. செம்பை அண்ணாந்து தன் வாயில் கவிழ்த்தார். தண்ணீர் விழுந்தது. நனையவில்லை.

"எழும்புங்களேன்."

தோளை ஒரு கை உலுக்கியது. கை கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் மட்டும் பதிந்தன. சில்லிட்டிருந்தன. விழுங்கினார். ஒன்றுமில்லை. மறுபடி விழுங்கினார். தொண்டை ஒட்டிக்கொண்டது. ஹெப்சிபா என்று கத்தினார், சத்தம் வரவில்லை.

உலுக்கல் தளர்ந்தது.

தண்ணி என்று இன்னொரு தரம். பைய.

பிறகு இல்லை.

ஆற்றுச் சத்தம் மட்டும்.

பின்கதவில் காலடி கேட்டது. ஹெப்சிபா படியிறங்கி வந்தாள். கண் குழிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவரைக் கடந்து போனாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை. வரிசை முடிகிற இடத்தைத் தேடி மணலில் நடந்து போய், சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்தைப் பின்னால் சாய்த்தாள். வாயைத் திறந்தாள்.