கதை இல்லாத பதக்கம்

"அம்மா... ஊசிப் பெட்டி எங்கே?"

கூடத்திலிருந்து மகள் கூப்பிட்டதும் இரண்டு பேர் திரும்பினார்கள். அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பினாள். கண்ணாடி முன் கோட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கர்னலும் திரும்பினாள்.

பெற்றவள் கர்னல். வளர்த்தவள் அவளுடைய ஓரகத்தியான பெரியவள். மகள் கூப்பிட்டது வளர்த்தவளைத்தான். ஊசிப் பெட்டி இருக்குமிடம் கர்னலுக்கு எப்படித் தெரியும்? ராணுவ டாக்டராக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்று அவள் வீட்டோடு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"பாத்தீங்களா அக்கா? உங்களை அம்மாங்கறா. என்னை மேடம்ங்கறா! இத்தனை வருஷமா என்னைப் பத்தி அவகிட்ட என்னதான் சொல்லி வெச்சீங்க?"

பெரியவள் பாலை இறக்கி வைத்தாள். கர்னல் சொல்ல வேண்டியதையெல்லாம் நேற்றே சொல்லிவிட்டாளே. 'நீங்க கொஞ்ச நாள் உங்க தம்பி வீட்டுல இருங்க அக்கா... நீங்க கண்ணெதிர்ல இருக்கற வரைக்கும் அவ என்கிட்ட ஒட்ட மாட்டா.' கணவன் போய்ச் சேர்ந்து, கொழுந்தன் வீட்டில் காலம் தள்ளுகிறவள் எந்த உரிமையில் மாட்டேன் என்பாள்? பெட்டி கட்டி வாசலருகே வைத்துவிட்டாள். அழுகை வரும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

அந்தக் கொழுந்தனார், அதாவது கர்னலின் கணவர், பேப்பருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார். வீட்டில் பெண்கள் குரல் உயர்ந்தால் வாடகை விளம்பரங்களைக்கூட விடாமல் படிக்கிற மனுஷர் அவர்.

படைப்பிரிவு விழாவுக்குக் கார் வரும் நேரம். கோட்டில் குத்த வேண்டிய பதக்கங்களின் நாடாக்கள் நைந்து போயிருந்தன. புது நாடாவில் கோத்து வரிசையாகத் தைத்துத் தர வேண்டும். ஒவ்வொரு லீவுக்கும் தைத்துக் கொடுத்தவள் பெரியவள்தான். இன்றைக்கும் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து நூல் கோத்தாள். மகள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பதக்கமாக எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, யாரும் கேட்காமல், சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இது பனிமலைப் பதக்கம். குளிர்ல கால் மரத்துப்போன பசங்களை எங்கம்மா ராத்திரி பூரா தன் கைச்சூட்டுல தேச்சுக் காப்பாத்தினாங்க. அதுக்காகக் குடுத்தது."

கர்னல் சட்டென்று நிமிர்ந்தாள். "யார் சொன்னா? நான் அங்கே அடிவாரத்துல மருந்து ஸ்டோரைப் பாத்துக்கிட்டிருந்தேன்!"

மகள் நிறுத்தவில்லை. "இது வெள்ளத்துக்கு. ஒரு பச்சைக் குழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தாங்க. தன் குழந்தை ஞாபகம் வந்து அதைக் கீழே விட மனசே வரலையாம். அப்புறம் இது... இது என் பொறந்த நாளுக்கு லீவு கேட்டு அழுதாங்களாம். அழுகையை நிறுத்தறதுக்காகப் பெரிய அதிகாரி குடுத்தாராம்."

"அடக் கடவுளே! அது ஆண்டுவிழாப் பதக்கம். அன்னைக்கு வேலையில இருந்த அத்தனை பேருக்கும் குடுத்தாங்க... அக்கா! இதையா சொல்லிக் குடுத்தீங்க? எல்லாம் பொய்!"

பெரியவளின் ஊசி நின்றது. 'எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? பிள்ளை கேட்டா. தோணினதைச் சொன்னேன்' என்று சொல்லத்தான் நினைத்தாள். நாக்கு புரளவில்லை. இனி மகளும் தன்னைப் பொய்க்காரி என்பாள், அவ்வளவுதானே? அதுவும் எங்கோ யாருக்கோ நடப்பது போல இருந்தது.

"பொய்னு ஏழாங்கிளாஸ் படிக்கும்போதே எனக்குத் தெரியும் மேடம்" என்றாள் மகள். "நெட்ல தேடினா எல்லாம் இருக்கு. ஆனா நான் இவங்ககிட்ட சொல்லலை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஏன் தெரியுமா? நீங்க என்னை நினைச்சு அழுதது அந்தக் கதையில மட்டும்தான்!... என்ன சொல்லி வெச்சாங்கன்னு கேட்டீங்களே. இதைத்தான் சொல்லி வெச்சாங்க. தினமும்!"

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

இஸ்திரி போட்ட உடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் கர்னல் தரையில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த வெள்ளிப் பதக்கத்தைக் கையில் எடுத்தாள். இருப்பதிலேயே உயர்ந்தது அதுதான். வீரத்துக்காகக் கொடுத்தது.

"அக்கா... இதுக்கு என்ன கதை சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை." வெகுநேரத்துக்குப் பிறகு பெரியவளுக்குக் குரல் வந்தது. "இவ ஜுரத்துல பிழைப்பாளா மாட்டாளான்னு கிடந்தப்போ நடந்ததுக்குக் குடுத்தது இது. உனக்கு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன்... நீ வரலை. இதுக்கு மட்டும் எனக்கு ஒண்ணும் வாயில வரலைம்மா."

கர்னல் பதக்கத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "சேதி வந்துச்சுக்கா. கூடாரத்து மேல குண்டு விழுந்துக்கிட்டிருந்தது. ஆபரேஷன் மேஜையில ஒரு சிப்பாய்ப் பையன் வயிறு திறந்து கிடந்தான்... வாசல்ல இன்னும் வரிசையா கிடந்தாங்க. நான் கையை எடுக்கலை. அதுக்குக் குடுத்தாங்க இதை. நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதானேக்கா நின்னேன்!... உங்களைப் போயா வெளியே போகச் சொன்னேன்?"

பெரியவளின் மடியில் முகம் புதைத்து, அந்த வீட்டில் யாரும் பார்த்திராத விதமாக அவள் கதறினாள். பெரியவள் ஊசியை முதலில் ஓரமாகக் குத்தி வைத்தாள். பிறகுதான் அந்த நரைத்த தலையைத் தடவினாள். தனக்கு ஏன் இன்னும் அழுகை வரவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மகள் எழுந்து போய், வாசலருகே இருந்த பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வெளியே கார் வந்து நின்றது.

"அம்மா... கார் வந்தாச்சு!"

"உன்னைத்தான் கூப்பிடறா, போ" என்றாள் பெரியவள்.

"இல்லைக்கா. உங்களையும்தான். நீங்களும் வாங்க."

பெரியவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. இத்தனை நேரம் மடக்கியே வைத்திருந்த கால் மரத்துப் போயிருந்தது. கர்னல் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாக ரத்தம் இறங்கி, கால் சுள்ளென்று குத்த ஆரம்பித்தது.

"வலிக்குதாக்கா?"

"ஆமாம்மா" என்றாள் பெரியவள். அப்போதுதான் கண்ணீர் வந்தது.