ஐயாசாமியின் ஒற்றைக் கண்ணாடி

குப்பையில் கிடப்பதைப் பொறுக்கி உடம்பில் மாட்டிக்கொள்வதற்கும் ஒரு பெயர் உண்டு என்பது என் தங்கை பிரவீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டீம்பங்க். நீராவி ரயில் காலத்து வேஷமாம். அடுப்பின் பித்தளை மூடி அவள் தோளுக்குப் போகும், சைக்கிள் மணி இடுப்புக்குப் போகும், கடிகாரச் சக்கரங்கள் தொப்பியில் ஒட்டிக்கொள்ளும். உலு திராமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. திட்டினால் சிரிப்பாள், கழுதை. ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் வேஷப் போட்டி. கண்ணுக்கு மாட்ட ஒரு கண்ணாடி மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய வீட்டின் முன் காடியை நிறுத்தினேன். பழைய கடிகாரச் சாமான் இலவசம் என்று தேன்மொழி என்பவள் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள். கடிகாரம் பழுது பார்த்த அவள் மாமனார் ஐயாசாமியின் பொருட்களாம். அவர் எங்கே என்று கேட்டேன். பெரிய மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். பேச்சில் தேன் ஒழுகியது.

தரை கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது. சாம்பிராணிப் புகைக்கு அடியில் வேறொரு வாடை, நெடுநாள் படுக்கையில் கிடந்த உடம்பின் வாடை. வெள்ளிக்கிழமைதானே, சாமி கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டுப் பின்னறையில் மேசை நிறையப் பல்சக்கரங்களும் முட்களும் கிடந்தன. நடுவில், கடிகாரக்காரர்கள் ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்ளும் கறுப்புக் குழல் கண்ணாடி. பிரவீனா அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

காடியில் ஏறப் போனோம். தேன்மொழி கேட்டைப் பிடித்தபடி சிரித்தாள்.

“என்ன தங்கச்சி, சொல்லாமலே கெளம்புறீங்க?”

பிரவீனா வெட்கப்பட்டுப்போய், “சாரிக்கா. போயிட்டு வரேங்க்கா,” என்றாள்.

“எங்கிட்ட என்னாத்துக்கு? வீட்டப் பாத்துச் சொல்லு லா.”

அவளும் அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மறுநாள் முழுக்க அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தோல் வாரில் இடக்கண்ணுக்கு அந்தக் குழல், வலக்கண்ணுக்கு ஒரு போத்தலின் அடிப்பாகம் என்று பொருத்தினாள். ஞாயிறு காலை மாட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இது கழல மாட்டேங்குது.”

விளையாடாதே என்று அதட்டினேன். வாரை வெட்டினேன். போத்தல் கண்ணாடி கீழே விழுந்தது. குழல் விழவில்லை.

இழுத்தேன். தோலும் கூடவே வந்தது. விளிம்பில் ரத்தம் கசிந்தது.

குழலுக்குள் குனிந்து பார்த்தேன். பெரிதாகத் தெரிந்த அவள் கண்ணில் பால் போல ஒரு படலம் ஓரத்திலிருந்து பரவிக்கொண்டிருந்தது.

“இழுக்காதக்கா. நீ இழுக்க இழுக்க இருட்டுது.”

கிளினிக்குக்குத்தான் கிளம்பினேன். வழியில் அவள் முனகினாள். அது அவள் குரல் இல்லை.

“கண்ணு தெரியலம்மா.”

காடியை ஆயர் ஈத்தாமுக்குத் திருப்பினேன். என் தங்கையின் கண் போவதற்குள் அந்தச் சனியனைக் கொடுத்துவிட வேண்டும், வேறு எதுவும் தோன்றவில்லை.

தேன்மொழி வீட்டுக் கேட் சாத்தியிருந்தது, கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒரு கிழவரின் படம். படத்துக்கு மாலை. முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எழவு வீடு என்றுதான் எங்களுக்குத் தெரியாது.

“பொதன்கெழமதான் தூக்குனோம்,” என்றாள் தேன்மொழி, கேட்டைத் திறக்காமலே. “கண்ணு போனதுலேர்ந்து கண்ணாடி எங்க, கண்ணாடி எங்கன்னு என் உசுர எடுத்தாரு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். செத்தும் அடங்கல. மறுநாளே உள்ள உக்காந்துக்கிட்டுக் கேக்குறாரு.”

காலில் விழுகிறேன், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழுதேன். பிரவீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழலின் அடியிலிருந்து ரத்தம் கன்னத்தில் இறங்கியது. தேன்மொழி அதையும் பார்த்தாள்.

“வரேன்னு சொன்னது உன் தங்கச்சி. அவரும் உங்க கூடவே வந்துட்டாரு. இப்பதான் என் வீடு அமைதியா இருக்கு.”

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பாவி, நாசமாய்ப் போக.

திரும்பும் வழியில் குழல் தானாகக் கழன்று பிரவீனாவின் மடியில் விழுந்தது.

எனக்கு உயிர் வந்தது. பெட்ரோல் நிலையத்தில் காடியை ஒதுக்கி அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

இடக்கண் முழுக்க வெள்ளை.

“தெரியுதாடி?”

அவள் என் கையை எடுத்தாள். மணிக்கட்டைத் தூக்கி, என் கைக்கடிகாரத்தை அந்த வெள்ளைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனாள். மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

“ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுதும்மா. கழட்டிக் குடு, பாக்குறேன்.”

வலக்கண்ணில் என் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.