நாயோடு கூட வந்தவர்

பட்டப்பகலில் ஒரு பேயை நான் முறைத்தே வியர்க்க வைத்திருக்கிறேன். பேய்க்கு வியர்க்குமா என்று கேட்பவர்கள் சித்திரை மாதத்தில் நெரவிப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அங்கே மின்கம்பத்துக்கே வியர்க்கும்.

"அளக்காதீங்க அத்தான்" என்பான் என் மனைவியின் தம்பி தெட்சிணாமூர்த்தி. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டான். கண்ணாடி போடாமல் எதையும் பார்க்கவும் மாட்டான்.

விஷயம் ஒரு நாயைப் பற்றியது. குரும்பகரத்தில் நீலமேகம் என்றொரு மனிதர் இருந்தார். மனிதர் என்பது சும்மா மரியாதைக்கு. நாயைக் கொல்லைப்புறத்தில் மாட்டுச் சங்கிலியால் கட்டிப்போட்டு, வருஷக்கணக்காக அவிழ்க்கவே இல்லை. தட்டில் சோறு வைப்பார். நாய் வாய் வைக்கப் போகும்போது காலால் எத்திவிடுவார். மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பார். மாசியில் செத்துப்போனார். ஊரில் ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை, கொசு விழுந்தவரைத் தவிர.

கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் என்பதால் நாயை என் தலையில் கட்டினார்கள். அந்தக் கொல்லைக்கே போய்ச் சோறு வைத்துக்கொண்டு, வளர்க்க ஆள் தேடினேன். வந்த பிரகிருதிகளைச் சொல்ல வேண்டுமே! ஒருவர் "என்ன ஜாதிங்க?" என்றார். நாயைத்தான் கேட்டார் என்று நம்புகிறேன். ஒருவர் நாயோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார். இறால் குட்டைக்காரர் ஒருவர், "குரைக்கவே மாட்டேங்குதே?" என்று குறைபட்டார். குரைக்கிற அளவுக்கு நீங்கள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்று அனுப்பிவைத்தேன்.

கடைசியில் நெரவி அன்னபூரணி வந்தார். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர், பொறுமைக்குப் பேர்போனவர். ஒரே குறை, யாரையும் ஒருமையில் கூப்பிட அவருக்கு வராது. காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு "சாப்பிடுங்க" என்பார். பிறந்த குழந்தையிடமே "அழாதீங்க" என்றவர்.

சங்கிலியை அவிழ்த்தேன். நாய் அசையவில்லை. அன்னபூரணி கொல்லைக் கதவோரம் நின்று கனிவாகக் கூப்பிட்டார்.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம். வாங்க."

நாய் எழுந்தது.

பூட்டிய வீட்டுக்குள் ஒரு நாற்காலியும் கிறீச்சிட்டது.

சில நாள் கழித்து அன்னபூரணி போனில் அழைத்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"எதையும் தொட மாட்டேங்குதுங்க. சோறு வச்சா தட்டு தானா கவுந்துக்குது. இப்படியே போனா செத்துடும். வீடு பூரா பொடி நாத்தம். எங்க வீட்ல யாருங்க பொடி போடுறா? நாயைத்தாங்க கூப்பிட்டேன். கூட யாரோ வந்துட்டாங்க."

"நீங்க 'வாங்க'ன்னீங்களேம்மா. நீலமேகமும் மரியாதைன்னு எடுத்துக்கிட்டாரு. உசிரோட இருந்தப்ப ஒரு பய கூப்பிட்டதில்ல."

தெட்சிணாமூர்த்தியை இழுத்துக்கொண்டு மறுநாளே போனேன். உச்சிவெயில். நாங்கள் நுழையும்போதே கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. தெருவில் ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. அவன் கேட்டருகிலேயே நின்றுகொண்டான். நாய் கூடத்து மூலையில் எலும்புக்கூடாகச் சுருண்டிருந்தது. அன்னபூரணி தட்டில் மீன்தலைச் சோறு வைத்தார்.

தேய்ந்த செருப்பு தரையில் இழுபடும் சத்தம்.

பொடி வாசனை.

தட்டு எகிறிச் சுவரில் மோதியது.

"காத்து" என்றான் தெட்சிணாமூர்த்தி வெளியிலிருந்து.

"காத்துக்குப் பொடி போடுற பழக்கம் உண்டாடா?"

சத்தம் வந்த திசையை முறைத்தேன். செத்த பிறகும் சோற்றுத் தட்டை எத்துவதுதான் பிழைப்பா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போடா நாயே!" என்று கத்தினேன்.

பேய்க்கு வியர்த்தது உண்மை. தரையில் ஈரச் செருப்புத் தடம் ஒன்று தெரிந்ததை நான் பார்த்தேன். ஆனால் நடுங்கியது நாய்தான். தினமும் நீலமேகம் வாயால் அது கேட்ட வசவும் அதுவே. படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

அன்னபூரணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சிதறிய சோற்றைக் கையில் அள்ளினார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. ஆயுசில் பழகாத சொல் அல்லவா?

"வா..."

செருப்புச் சத்தம் நெருங்கியது.

"வாடா."

நின்றது.

"நீ மட்டும் வாடா, என் கண்ணு."

நாய் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்தது. மடியில் முகம் வைத்தது. அவர் உள்ளங்கையிலிருந்து தின்றது. அந்தக் கையை எவன் எத்துவான்?

செருப்புச் சத்தம் திரும்பி வாசலைக் கடந்தது, மெதுவாகக் கேட்டை நோக்கிப் போனது.

அங்கே நின்ற தெட்சிணாமூர்த்தி, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"என்னடா, காத்துக்கா வழிவிட்டே?"

அவன் தோளைத் தடவிக்கொண்டான்.

"காத்து இல்ல அத்தான். தோள்ல இடிச்சுக்கிட்டுதான் போனாரு."

"தொலைஞ்சான் போ."

"இல்ல அத்தான்." அவன் குரல் இறங்கியது. "என்னைப் பாத்து 'வரேன்'னு சொல்லிட்டுப் போனாரு."