போட்டோவில் இல்லாத முகம்

“அக்கா, இந்தப் பொண்ண இங்க பார்த்தீங்களா?”

மழைக்கு ஒதுங்கியிருந்த புனிதாவின் முன் போனை நீட்டினான் அவன். திரையில் அவளே இருந்தாள்... ஆனால் ஸ்டூடியோக்காரன் வெள்ளையாக்கிக் கொடுத்த அவள். கன்னத்துத் தழும்பு இல்லை. பத்து வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்ற களைப்பும் இல்லை.

இவன்தான் டொமினிக். ரவாங்கிலிருந்து வரும் லோரி ஓட்டுநர். பூசை முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் சர்ச் வாசலில் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று, வரன் பார்த்துக் கொடுக்கும் பூரணம் ஆன்டி ஏற்பாடு செய்திருந்தார். ஆன்டி இன்னும் கிள்ளானில் டிராஃபிக் ஜாமில் கிடந்தார்.

ஏற்கெனவே இரண்டு பேர் போட்டோவைப் பார்த்து வந்தார்கள். நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். இவனும் போய்விட்டால்...

“பார்க்கலயே.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நான்தான் சீக்கிரம் வந்துட்டேன் போல. பயமா இருக்கு லா. இவ்ளோ வெள்ளையா இருக்கா, லோரி ஓட்டுற என்னைப் பார்த்து ஓடிடப் போறா.”

அவனுக்கு மழைத்துளி ஒட்டிய இமைகள்... பெரிய, பயந்த கண்கள்.

“ஓடினா லோரியில துரத்துங்க.”

“லோரிக்கு இங்க பார்க்கிங் கெடைக்காதுக்கா. மோட்டார்லதான் வந்தேன்.”

சிரித்தாள். அடுத்த நொடியே சனிக்கிழமை சர்ச் பெண்கள் கூட்டத்தில் சிஸ்டர் சொன்னது குத்தியது. எழுநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில், புருஷனுக்கும் மடத்துக்கும் கட்டுப்படாமல் கம்பளி நூற்றுப் பிழைத்த பெண்கள் இருந்தார்களாம். காய்த்துப்போன கைகளோடு கடவுளைக் காதலனே என்று கூப்பிட்டார்களாம். கடவுள் ஆசையாகப் பார்க்கிற முகத்தை நாம் வெறுக்கலாமா என்று சிஸ்டர் கேட்டார். அன்று அது யாரோ வெள்ளைக்காரிகள் கதை. இன்று...

“டொமினிக். அது நான்தான்.”

அவன் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி போனை.

“அப்ப ஏன் பார்க்கலன்னு சொன்னீங்க? ஏமாத்துறீங்களா?”

“பயந்தேன். அந்த போட்டோவும் பயத்துல குடுத்ததுதான். பொய் சொன்னது தப்பு. ஆனா இந்த மூஞ்சிக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். புடிக்கலன்னா போங்க.”

அவன் மழையில் இறங்கி நடந்தான்.

அவ்வளவுதான்... மூன்றாவது ஆள். வலித்தது. ஆனால் முன்பு போலத் தன்மீதே அருவருப்பு வரவில்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

“புனிதா.”

திரும்பி வந்திருந்தான், முழுக்க நனைந்து.

“கோவத்துல போயிட்டேன். மோட்டார்கிட்ட போனதும்தான் தோணுச்சு... உங்ககிட்ட பேசுறப்பவே, அந்த போட்டோ பொண்ணு வராமப் போனா நல்லதுன்னு நெனச்சேன். அக்கான்னு வேற கூப்பிட்டுட்டேன், வெக்கமா இருக்கு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு.”

அவசரப்பட்டுத் தலையாட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

“எனக்கு இப்பதான் என்னையே புடிக்க ஆரம்பிச்சிருக்கு. உங்களப் புடிக்கக் கொஞ்ச நாளாகும்...” குரல் தழைந்தது. “ஆனா இன்னொரு தடவ அப்படி விட்டுட்டுப் போயிடாதீங்க. தாங்க மாட்டேன்.”