திட்டும்போது உடையாத குரல்

நெவேனா அன்றைக்குப் பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட.

"அஞ்சு நாளைக்கு வாயே திறக்காதே. கிசுகிசுன்னுகூடப் பேசாதே, அது இன்னும் கெடுதல்" என்று தொண்டை டாக்டர் சொல்லியிருந்தார். அதில் இரண்டு நாள்தான் கழிந்திருந்தது.

அப்படிப்பட்ட நாளில்தானா அவன் வந்து தொலைய வேண்டும்!

வார்னா நகரத்தில் காலையிலிருந்தே மழை... கடல் பக்கமிருந்து சாய்ந்து சாய்ந்து அடிக்கும் நவம்பர் மழை. பேருந்தில் நிற்க இடமில்லை. நெவேனா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இசைத்தாள்களை விரித்து, மனசுக்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவன் ஏறினான். உயரமாக, தலையெல்லாம் நனைந்து. குடையை மடக்கினான்... மடக்கிய வேகத்தில் அதிலிருந்த தண்ணீர் முழுக்க அவள் மடியில்!

எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே அடக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நீல மையில் குறித்து வைத்தது அத்தனையும் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

அவள் வாயைத் திறந்தாள்... டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. மூடினாள்.

"ஐயோ, சாரிங்க! கவனிக்கவே இல்லை... ரொம்ப சாரி!"

அவள் முறைத்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். திட்டியாவது விடுங்க..."

அவள் தன் தொண்டையைக் காட்டி, கையை விரித்தாள். அவ்வளவுதான், அவன் முகம் மாறிப் போயிற்று. இரக்கம்! அவள் உலகத்திலேயே வெறுக்கும் ஒன்று. அவன் கைகளை வீசி வீசிச் சைகையில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். பக்கத்தில் நின்ற பெண்மணி வேறு, "பாவம் தம்பி, காது கேக்கும்போல இருக்கு. வாயாலேயே சொல்லுங்க" என்றாள்.

நெவேனாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெரிதாக எழுதினாள்.

முட்டாள்.

அவன் படித்தான். சிரித்தான். பச்சையும் சாம்பலும் கலந்த கண்கள்... மழைக்கு முந்திய கடல் நிறம்.

சே! நிறமெல்லாம் எதுக்குப் பார்த்தேன்? இறங்கி வெகு தூரம் நடந்த பிறகும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் தீரவில்லை.

திங்கட்கிழமை அவள் மௌனம் முடிந்தது. இசைக் கல்லூரியில் யாருக்கும் டாக்டர் விஷயம் தெரியாது. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தாள். குரல் பயிற்சி என்றால் வாரம் இரண்டு முறை, ஸ்லாதேவா மேடத்தின் அறையில், மேடமும் அவளும் பியானோ வாசிப்பவரும் மட்டும். வழக்கமாக வாசிக்கும் அம்மாள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால்... பியானோ முன்னால் பேருந்துக் குடைக்காரன்!

"இவர் யாவோர். இனிமே உனக்கு இவர்தான் வாசிப்பார்" என்றார் மேடம்.

பாட ஆரம்பித்தாள். நடு ஸ்தாயி வரை சரியாகப் போனது. மேலே ஏற ஏறத் தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உச்சத்தில் குரல் கிழிந்தது. "இன்னும் பலமா!" என்றார் மேடம். மறுபடி கிழிந்தது.

முடிந்து வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே ஓடி வந்தான். "உங்களுக்குப் பேச வருமா? அன்னைக்கு நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா?"

அணை உடைந்தது.

"வருத்தமா? என் ரெண்டு வருஷ உழைப்பைக் கரைச்சு ஊத்திட்டு வருத்தமா? கையை ஆட்டி ஆட்டி நாட்டியம் வேற! குடையை எங்க மடக்கணும்னு தெரியாதா உங்களுக்கு? பேருந்தென்ன உங்க வீட்டுக் குளியலறையா...?"

படிக்கட்டெல்லாம் எதிரொலிக்கத் திட்டினாள். மாடியில் இரண்டு கதவுகள் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஏதோ கச்சேரி கேட்பவன் மாதிரி நின்றான்.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றான், அவள் நிறுத்தியதும்.

"என்ன?"

"இவ்வளவு நேரம் திட்டினீங்க. மூணாவது மாடி வரைக்கும் கேட்டுது. ஆனா ஒரு இடத்துலகூடக் குரல் உடையலை. தோள் தூக்கலை, கழுத்து இறுகலை. மூச்சு அடிவயித்துலேர்ந்து வந்துது. பாடும்போது மட்டும் அது எங்க போகுது?"

அவள் படபடவென்று படியிறங்கினாள். அவன் சொன்னது சரி என்பதால் கோபம் இரண்டு மடங்கானது.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள், மேடம் இல்லாத நேரத்தில், அவனோடு பாடிப் பழகப் பயிற்சி அறைக்கு வந்தாள். அதன் பிறகு எப்போதும் இதேதான்: அவன் விளையாட்டாகச் சீண்டுவான். அவள் சீறுவாள். சீறிய அதே மூச்சில் அவன் சுரத்தை அழுத்துவான், "இப்போ பாடு!" முதல் தடவை உச்ச ஸ்வரம் தானாக வந்து அறையில் நின்றபோது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள்தான் முதலில் கண்ணைத் திருப்பினாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மூன்றாவது வாரம், லிண்டன் பூத் தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள். குரல் நாணில் கடுகளவு வீக்கம். ஓய்வு கொடுத்தால் வடிந்துவிடும், கொடுக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டி வரலாம். "யார்கிட்டயும் சொல்லாத. டிசம்பர் கச்சேரியில தனிப்பாட்டு எனக்குத்தான். எங்கப்பா முதல் தடவையா என் பாட்டைக் கேக்க வர்றார், யாவோர். பாட்டெல்லாம் ஒரு வேலையான்னு கேட்ட மனுஷன்..."

அவன் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகையில் குரல் அப்படியே நின்றுபோயிற்று. வெறும் காற்று. "ஜலதோஷம்" என்று சமாளித்தாள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் அடிக்கப்பட்டு வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது.

யாவோர் உணவகத்தில் இருந்தான், தட்டில் சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சா தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"மேடம்கிட்ட நீதானே சொன்ன?"

"ஆமா."

"எனக்குப் பதிலா பேச உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"யாரும் குடுக்கலை." அவன் இடது கையை மேசைமேல் வைத்தான். "இந்த ரெண்டு விரலும் பத்து நிமிஷத்துல மரத்துடும். பத்தொம்பது வயசுல ஒரு போட்டிக்காக வலியை மறைச்சு வாசிச்சேன். அதோட தனியா வாசிக்கிறது போச்சு. உனக்கும் அப்படி..."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கணும்! என் கையைப் பிடிச்சு, பாடாதேடின்னு சண்டை போட்டிருக்கணும். என் முதுகுக்குப் பின்னாடி போய் அவங்ககிட்ட சொன்ன பாரு... அதுக்குப் பேரு அக்கறை இல்லை, யாவோர்."

அவன் தலை குனிந்தது. "தப்புதான்" என்றான். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"ரெண்டு வருஷமா பலமா பாடு, இன்னும் பலமான்னீங்களே மேடம்... வலிக்குதான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

ஸ்லாதேவா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "கேக்கலை. கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "நீ மறைச்சது உன் தப்பு. உன் கழுத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியாமப் போனது என் தப்பு. ஓய்வு முடிஞ்சு வா. முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பிப்போம், வாயை மூடி முனகுற பயிற்சியிலேர்ந்து."

அன்று மாலை அப்பாவிடம் தொலைபேசியில் உண்மையைச் சொன்னாள். வேலை செய்யும் கப்பல் பட்டறையின் இரைச்சலிலிருந்து அவர் தள்ளி வருவது கேட்டது. "இயந்திரமே சூடானா நிறுத்தி வைக்கிறோம்" என்றார். "வசந்தத்துல பாடு. வரேன்."

எல்லாம் சரியாகத்தான் முடிந்திருந்தது. அப்படியென்றால் இந்தக் கோபம் மட்டும் ஏன் அடங்கவில்லை? காலையில் எழுந்தால் அவன்மேல் கோபம். பேருந்தில் கோபம். வேறு யாராவது குடை மடக்கினால்கூடக் கோபம்...

கச்சேரி ஞாயிறு பகல். நெவேனா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய பாட்டு வந்தது. அந்தப் பெண் நன்றாகத்தான் பாடினாள். ஆனால் பியானோவில் யாரோ ஒரு வழுக்கைத் தலை!

கைதட்டல் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டாள். வாசலில் மேடம் நின்றிருந்தார். "இதுக்கு வாசிக்க மாட்டேன்னுட்டான். ஏன்னு சொல்லலை. கடற்கரைப் பூங்கா பக்கம் போறதைப் பார்த்தேன்."

தூறலில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். கடல் எது, வானம் எது என்று தெரியாத சாம்பல்.

"ஏன் வாசிக்கலை?"

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "அந்தப் பாட்டை உனக்குத்தான் வாசிச்சுப் பழகினேன். இன்னொருத்தி மூச்சு எடுக்குற இடத்துல என் கை நிக்க மாட்டேங்குது, நெவேனா..."

"அதுக்காக வேலையை விட்டுக் குடுப்பியா? உன்னை மாதிரி ஒரு பைத்தியக்காரனை..."

"கத்தாத. தொண்டை..."

"என் தொண்டையைப் பத்தி இனிமே என்கிட்ட மட்டும்தான் பேசணும்! புரியுதா?"

"புரியுது."

"வேற யார்கிட்டயாவது போய் நின்ன..."

"நிக்க மாட்டேன். முதல்ல உன்கிட்டதான் சண்டை போடுவேன்."

அவள் மூச்சு வாங்கினாள். மழைத் துளிகள் இமையில் நின்றன... மழைதானா?

"இந்தக் கோபம் தீர்ந்ததும் வந்து சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். "பதினோரு நாளாச்சு. தீரவே மாட்டேங்குது. அதனால கோபத்தோடயே சொல்லிடறேன்... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன், மரத்துப்போகும் அந்த இடது கையை மெதுவாக நீட்டினான்.

"எனக்கும்தான். அந்தப் படிக்கட்டுலேர்ந்தே..." என்றான். "நாளைக்கும் கோபமா இருப்பியா?"

"இருப்பேன்."

"நாளன்னிக்கு?"

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக.

"...அதை நாளன்னிக்கு வந்து கேளு."