பதில் வந்தால் உயிர்

புற்றுநோயை எண்களால் மண்டியிட வைத்த மாமனிதர் என்று டாக்டர் வேதசிரோமணியை வரலாறு நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த வாசகத்தை அவரே எழுதி, தாம்பரத்தில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தார். அதை ஆய்வு மைய வாசலில் கட்டி முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

காலை 8.15. சப்-இன்ஸ்பெக்டர் ஜாஸ்மின் பேனருக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளில் உழைத்துப் புற்றுநோய் வாங்கிக்கொண்டவர்கள் 236 பேர். அதில் 212 பேர் ஐந்து வருடம் தாண்டியும் உயிருடன் இருப்பதாக டாக்டரின் கட்டுரை சொன்னது. மாலையில் அதற்கு விருது. அதற்கு முன், பதினொரு மணிக்கு, டெல்லியிலிருந்து தணிக்கைக் குழு. படிவங்களில் உள்ள எண்களைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த எண்கள் கம்ப்யூட்டரில் கிடையாது, காகிதத்தில் மட்டும்தான் என்றார் டாக்டர். இப்போது பீரோவிலிருந்து முப்பத்தொரு படிவங்களைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு: ஒன்று டாக்டரிடம், ஒன்று களப்பணியாளர் கோபுவிடம்.

"முப்பது வருஷத் தவம், மேடம்," என்றார் அவர், பையை மடியில் அணைத்தபடி. "வேலையை விட்டு நிறுத்தப் போறேன்னு போன வாரம் இவன்கிட்ட சொன்னேன். அந்தக் கடுப்புல எடுத்திருக்கான். அரெஸ்ட் பண்ணுங்க."

"பேப்பரை எடுத்துகினு போய் நான் இன்னா மேடம் பண்ணப் போறேன்?" என்றான் கோபு. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவன்.

"பேஷண்ட் வீட்டுக்கெல்லாம் நேர்ல போவியா?"

"போன்தான் மேடம். அந்தாண்ட யாராவது அலோன்னா டிக் போட்டுட்டு கட் பண்ணிடுவேன்."

"எடுத்தது பேஷண்ட்தானான்னு கேக்க மாட்டே?"

"சாரோட ரூல் மேடம். பதில் வந்தா உயிர்."

"அதுக்கு வேதசிரோமணி முறைன்னு பேரு," டாக்டர் திருத்தினார். "ஜர்னல்லயே வந்திருக்கு."

ஜாஸ்மின் மீதிப் படிவங்களைப் புரட்டி, விடுபட்ட வரிசை எண்களைக் குறித்தாள். கோபுவின் செல்லை வாங்கிப் பார்த்தாள். கூப்பிடும் வசதிக்காக நோயாளிகள் அத்தனை பேரையும் படிவ எண்ணோடு அதில் பதிந்து வைத்திருந்தான்.

9.05. நாற்பத்து நாலாம் படிவம். அங்காளம்மா என்ற பெண் எடுத்தாள்.

"போலீஸ்மா. உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"அது செத்து ரெண்டு வருசம் ஆவுது. இன்னாம்மா, அல்லாரும் இப்பத்தான் கேக்கறீங்க? ஞாயித்துக்கிழம ஒரு ஆளு உயிரோட கீறாரான்னு கேட்டான். இல்லன்னேன். 'ரொம்ப சந்தோஷம், தேங்க்ஸ்'னு வச்சிட்டான். கட்டையில போறவன்!"

"எந்த நம்பர்லேருந்து?"

அவள் படித்தாள். லேண்ட்லைன்.

10.30. முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு சாவு. எல்லா வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை அதே எண்ணிலிருந்து போன். படிவங்களை எடுத்தவன் கைக்கு வந்ததைத் திருடவில்லை, போன் போட்டுக் கேட்டுப் பிணங்களாகப் பொறுக்கியிருக்கிறான் என்று ஜாஸ்மினுக்குப் புரிந்தது. அலோவோடு கட் பண்ணுகிற கோபுவுக்கு யார் செத்தார் என்று தெரிய வழியில்லை.

கோபுவின் செல்லிலேயே அந்த லேண்ட்லைன் எண்ணைத் தட்டினாள். திரையில் பெயர் வந்தது: '118 கன்னியம்மா'.

கோபு எட்டிப் பார்த்தான். "சத்தியமா பேஷண்ட் மேடம்!"

நூற்றுப் பதினெட்டாம் படிவம் பீரோவில் பத்திரமாக இருந்தது. முன்பு ஷெட், இப்போது வீட்டு வேலை. தொடர்பு எண்: வேலை செய்யும் வீடு. நிலை: உயிருடன்.

ஜாஸ்மின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டாக்டர் வேதசிரோமணி ரெசிடென்ஸ். அவர் வைஃப் ஈவ்லின் பேசறேன்."

"கன்னியம்மா இருக்காங்களா?"

"எங்க வேலைக்காரம்மாவா? பதினொரு வருஷம் இருந்தாங்க. ஜனவரியில தவறிட்டாங்களே."

ஜாஸ்மின் இணைப்பைத் துண்டித்தாள்.

"அந்தம்மா பேரு கன்னியம்மாவா?" என்றார் டாக்டர், மெதுவாக.

"செல்லுல கூப்பிட்டா மாட்டிக்குவோம்னு உங்க வீட்டு லேண்ட்லைன்ல கூப்பிட்டிருக்கீங்க," என்றாள் ஜாஸ்மின். "செத்தவங்களைப் பிரிச்சு எடுத்துட்டு, பழியை இவன் மேல போட்டீங்க. பையைத் திறங்க சார்."

விருது மேடைக்கு வாங்கி வைத்திருந்த பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில் முப்பத்தொன்றும் இருந்தன.

"118-ஐ மட்டும் ஏன் விட்டீங்க?"

"அந்த நம்பர் எப்பப் போட்டாலும் என்கேஜ்டாவே இருந்தது. பேசிக்கிட்டிருக்காங்கன்னா உயிரோடதானே இருக்கணும்?"

11.00. தணிக்கைக் குழுவின் கார் பேனருக்குக் கீழே வந்து நின்றது. கோபுவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திரும்ப வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. டிக் எல்லாம் அவன் கையெழுத்து.

டாக்டர் வேதசிரோமணி தன் வீட்டு லேண்ட்லைனிலிருந்து தன் வீட்டு லேண்ட்லைனுக்கே நான்கு முறை போன் செய்திருந்தார்.