உறையவைத்த மண்

நமுனுகுல மலையில் பூட்டிக் கிடந்து, இப்போது மண் ஆராய்ச்சிக்கூடமாகிவிட்ட பழைய பங்களாவுக்குக் கூட்டித் துடைக்கும் வேலைக்காகப் போய்ச் சேர்ந்தாள் றீட்டா. மத்தியானமே மூடுபனி வாசலை அடைத்திருந்தது. உள்ளே ஈரச் சுவரின் வாசனை. உறையவைக்கும் குளிர்பெட்டிகள் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தன.

பெட்டி நிறையச் சின்னக் குப்பிகள். குப்பிக்குள் மண்.

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கூட்டமா வாழுதுக்கா. கூட்டம் கலையாம தூங்க வச்சிருக்கோம். அம்பது வருசம் கழிச்சும் ஆராய்ச்சிக்கு எழுப்பலாம்," என்றாள் பொறுப்பாளர் றமீலா.

றீட்டா தலையாட்டினாள். மண்சரிவு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை, அவர்கள் லயத்தை, மூடிய நாளிலிருந்து அவள் எதற்கும் தலையாட்டத்தான் செய்தாள். புருஷன் பிலிப்பு உள்ளே இருந்தான். தோண்டினார்கள், கிடைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. லயத்தில் யார் செத்தாலும் குழிக்குள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுத்தான் அனுப்புவார்கள். பிலிப்புக்கு அவள் ஒரு பிடிகூடப் போடவில்லை. மரத்துப்போன நெஞ்சில் அது ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு குப்பியின் மேல் அந்தச் சரிவு நடந்த இடத்தின் பெயர் ஒட்டியிருந்தது.

"மிஸ், இது எங்க லயத்து மண்ணு. அவரு இதுலதான் இருக்காரு. குடுங்க, அடக்கம் பண்ணிட்டு வந்துர்றேன்."

றமீலா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு இருக்கு. ஒன்ன எடுத்துக்குங்க. வெறுங்கையால மட்டும் தொடாதீங்க, என்ன கிருமி இருக்கோ."

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டி, குப்பியைக் கவிழ்த்து, மூன்று பிடி மண் போட்டாள் றீட்டா. சொன்ன சொல் தட்டாதவள். ரப்பர் கையுறையைக் கழற்றவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கை படாத மண். அது போட்டதாகவே சேராது.

அடுத்த வாரம் றமீலா மற்றக் குப்பியைத் திறந்தாள். கூட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நுண்ணுயிர் வளர ஊட்டக்கூழ் ஊற்றிய அகலமான கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை மண்ணைத் தூவி மூடிவைத்தாள். புள்ளி புள்ளியாக வளர்வதுதான் வழக்கம்.

வளர்ந்தது ஒரு கை.

ஆண் கை. விரித்த விரல்கள்.

"நீங்க தொட்டீங்களாக்கா? தட்டத் தொட்ட கையோட அச்சுதான் இப்படி வளரும்." றமீலா கிசுகிசுத்தாள்.

"இல்லைங்க மிஸ்."

"நானும் தொடல."

அறையில் மழைச் சேற்றின் வாசனை ஏறியது. றமீலா பின்வாங்கி, வெளியே ஓடினாள். றீட்டாவுக்குப் பயம்கூட வரவில்லை. கையுறையைக் கழற்றினாள். மூடியைத் திறந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"போயிருங்க," என்றாள் மெதுவாக. "நான் இருந்துக்கிறேன்."

ஜில்லென்றிருந்தது.

பிறகு வலித்தது.

இத்தனை நாளில் அவளுக்கு எதுவும் இப்படி வலித்ததில்லை. கையை இழுத்தாள். வரவில்லை. அப்போதுதான் அழுதாள்.

றமீலா ஆட்களோடு திரும்பி வந்தபோது றீட்டா தரையில் உட்கார்ந்திருந்தாள். புறங்கையில் விரல் தடங்கள் சிவந்திருந்தன. தட்டில் விரிந்திருந்த விரல்கள் இறுக மடங்கியிருந்தன.